முகம் போய் வந்தது

எனக்கு வந்த நோயில் வலியே கிடையாது. கேட்பவர்கள் முதலில் நம்ப மறுப்பது இதைத்தான். மூக்கு உருளைக்கிழங்கு மாதிரி வீங்கி, மேலுதடு தடித்துத் தொங்கி, இரண்டு கன்னமும் கண்ணை மூடுகிற அளவுக்கு ஏறி வந்த அத்தனை மாதத்திலும் ஒரு நாள்கூட நான் வலி என்று முனகியதில்லை. காய்ச்சல் இல்லை. பசி குறையவில்லை. உடம்பு அதுபாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. முகம் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் வேறு யாருடையதாகவோ ஆகிக்கொண்டிருந்தது.

என் பெயர் சுடலைமுத்து. சூரியநெல்லிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நர்சரி கங்காணியாக இருந்தேன். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. மனைவி செல்லக்கனி கொழுந்து பறிக்கிறவள். மகள் வள்ளிக்கு நாலு வயது. திருநெல்வேலிப் பக்கமிருந்து தாத்தா காலத்தில் மலையேறிய குடும்பம் எங்களுடையது. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் எஸ்டேட் வரிசையாகக் கட்டித் தந்த லயத்து வீட்டில்தான்.

நர்சரியில் தேயிலைக் குச்சிகளை வெட்டி, மண் நிரப்பிய பாலிதீன் பைகளில் நட்டு, வேர் பிடிக்கும்வரை காப்பாற்ற வேண்டும். அதற்கு மண் சரியாக அமைய வேண்டும். சோலைக்காட்டுக்குள் இலையும் பூச்சியும் மக்கிக் கறுத்துக் கிடக்கிற மண்ணை மூட்டை மூட்டையாகக் கொண்டுவருவோம். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, மூக்கோடு சேர்த்து வைத்து ஆழமாக மோந்து பார்ப்பேன். புளித்த வாடை வந்தால் ஆகாது. யாரும் சொல்லித் தந்ததில்லை, நானாகப் பிடித்துக்கொண்ட பழக்கம். ஒரு நாளில் முப்பது நாற்பது தடவை இப்படி மோந்து பார்த்திருப்பேன். "சுடலை மூக்கு சரின்னு சொன்னா சரிதான்" என்று எஸ்டேட் துரையே சொல்வார். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம். மழை ஓய்ந்து பத்து நாள் இருக்கும். வலது மூக்கு அடைத்துக்கொண்டது. சளி என்று நினைத்தேன். எஸ்டேட் டிஸ்பென்சரி கம்பவுண்டர் மாத்திரையும் மூக்கில் விடச் சொட்டு மருந்தும் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மலையில் மூக்கடைப்பு இல்லாதவர் யார்? ஆனால் மூன்று வாரம் கழித்தும் அடைப்பு விடவில்லை. முகம் கழுவும்போது மூக்கின் வலப்பக்கத்தில், உள்ளே, ஏதோ புளியங்கொட்டை அளவுக்குக் கெட்டியாக விரலில் தட்டியது. அழுத்தினேன். கல்லை அழுத்துகிற மாதிரி இருந்தது. என் சதையில் கை வைத்த உணர்வே இல்லை.

அதன்பிறகு அது நிற்கவில்லை. வாரத்துக்கு வாரம் மூக்கு அகலமாயிற்று. இடது பக்கமும் அடைத்தது. ஒரு நாள் மண்ணை அள்ளி மோந்து பார்த்தேன். எந்த வாடையும் வரவில்லை. இன்னும் ஒரு பிடி அள்ளினேன். அதிலும் இல்லை. வாடை தெரியாமலேயே "இது ஆகும்" என்று பொய் சொல்லி அந்த மூட்டையை அனுப்பிவைத்தேன். அந்தப் பொய்யைச் சொன்னது என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. தகரக் குழாய்க்குள்ளிருந்து பேசுகிற மாதிரி மாறிப் போயிருந்தது.

மார்கழியில் மேலுதடு வீங்கியது. தை பிறந்தபோது கன்னம். சூரியநெல்லியில் பட்டப்பகலிலேயே மூடுபனி இறங்கிவிடும். பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. அப்படி ஒரு மத்தியானம் நர்சரியிலிருந்து ரோட்டுக்கு ஏறினேன். எதிரே தங்கராசு வந்தான். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், அடுத்த லயத்துக்காரன். பனிக்குள்ளிருந்து கிட்டத்தில் வந்ததும் நின்றான்.

"யாரு? யாரப் பாக்கணும்?" என்று கேட்டான்.

"நான்தாம்ல" என்றேன்.

அவன் இரண்டடி பின்னால் போனான். "எந்த எஸ்டேட்டுங்க?" என்றான். அவன் பக்கவாட்டில் ஒதுங்கி, என்னைப் பார்த்தபடியே கடந்து போய்ப் பனிக்குள் மறைந்தான். எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேன் என்று தெரியாது.

நர்சரியில் தண்ணீர் நிரப்பிய பீப்பாய் ஒன்று இருக்கும். மறுநாள் அதில் குனிந்து பார்த்தேன். தண்ணீருக்குள் தெரிந்தவனை எனக்கும் தெரியவில்லை. நான் கையைத் தூக்கினேன். அவனும் தூக்கினான். நான் கையை இறக்கினேன். அவன் கொஞ்சம் தாமதித்து இறக்கினான் என்று தோன்றியது. தண்ணீர் அசைந்திருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பீப்பாய்ப் பக்கம் நான் போகவில்லை.

லயத்தில் குஷ்டம், பெருவியாதி என்று பேச்சு கிளம்பிவிட்டது. குழாயடியில் செல்லக்கனி குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்தார்கள். பெருவியாதி பார்க்க மாதத்துக்கு ஒரு தடவை மலைக்கு வருகிற ஊழியர் ஒருவர் என் கன்னத்தில் இறகால் தடவினார், ஊசி முனையால் தொட்டார், சுடுநீர்க் குப்பியையும் குளிர்ந்த குப்பியையும் மாற்றி மாற்றி வைத்தார். எல்லாமே எனக்குத் தெரிந்தது. "இது அந்த நோய் இல்லை. அதில் உணர்ச்சி செத்துப் போகும். உங்களுக்கு நல்லா இருக்கு" என்றார். பிறகு இது என்ன நோய் என்று கேட்டேன். "நான் பார்த்ததில்லை" என்றார். பார்த்ததில்லை என்று அவர் சொன்னதுதான் என்னைப் பயமுறுத்தியது.

செல்லக்கனியின் அண்ணன் மாடசாமி போடியிலிருந்து வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார். உள்ளே வரவில்லை.

"மாப்ள, நீரு தப்பா எடுத்துக்கிடக் கூடாது. சரியாகுத மட்டும் தங்கச்சியையும் புள்ளையையும் நான் கூட்டிட்டுப் போயி வச்சிக்கிடுதேன்."

நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பதில் சொன்னவள் செல்லக்கனி.

"இவரு மூஞ்சி எங்க போச்சுன்னு எனக்குத் தெரியணும்ண்ணே. அது தெரியாம நான் எங்கயும் வரல. நீ வேணும்னா ஒரு காரியம் செய். மதுரைக்குப் போக வழி பண்ணு."

அன்று அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தேன். அவள் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல வாரங்களாகவே அப்படித்தான் பார்க்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. சோறு போடும்போது, பேசும்போது எல்லாம் என் கையைத்தான் பார்ப்பாள்.

வள்ளியைப் பற்றி எழுதக் கஷ்டமாக இருக்கிறது. முதலில் அழுதாள். பிறகு அழுவதை நிறுத்திவிட்டாள். அது இன்னும் மோசம். ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரே வந்து, விருந்தாளியிடம் பேசச் சொல்லிக் கொடுத்த மரியாதையோடு கேட்டாள்.

"நீங்க எப்பப் போவீங்க?"

"எங்க போகணும்?"

"உங்க வீட்டுக்கு. நீங்க போனாத்தான எங்க அப்பா வருவாங்க?"

இதற்குமேல் அங்கே இருக்க முடியவில்லை. செல்லக்கனி கேட்டபடி மாடசாமி மச்சான் ஒரு ஜீப்புக்கு ஏற்பாடு செய்தார். தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு பின்னால் செல்லக்கனியோடு உட்கார்ந்தேன். போடிமெட்டில் செக்போஸ்ட்காரர் துண்டை விலக்கச் சொன்னார். விலக்கினேன். அவர் உடனே, "போங்க, போங்க" என்று கையை ஆட்டினார். வளைவு வளைவாக இறங்க இறங்கக் காற்று சுட்டது. கீழே ஊர்கள் தெரிந்தன. அங்கே யாருக்கும் என் பழைய முகம் தெரியாது. அந்த நினைப்பு கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் தோல் வியாதிப் பகுதிக்கு முன்னால் நீளமான பெஞ்சுகள் இருந்தன. விடியற்காலையிலிருந்தே கூட்டம். படை, சொறி, வெண்தேமல், தீக்காயம் என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று. அத்தனை பேரும் தங்கள் நோயை மறந்து என்னைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் எழுந்து தன் இடத்தை எனக்குக் கொடுத்தார். பரிவா பயமா என்று எனக்குத் தெரியவில்லை.

என்னைப் பார்த்தது ஒரு டாக்டரம்மா. என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அவர் பின்னால் படிக்கிற பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர். என் மூக்கையும் கன்னத்தையும் இரண்டு கையாலும் பிடித்து அழுத்திப் பார்த்தார். நாலு மாதத்துக்குப் பிறகு வேறொருவர் கை என் முகத்தில் அப்படி முழுசாகப் படுவது அதுதான் முதல் தடவை. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"வலிக்குதா?"

"இல்லம்மா. அதான் பயமாருக்கு."

"என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். மண் எங்கிருந்து வருகிறது, எப்படி நல்லது கெட்டது பார்ப்பேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கையில் மண் இருப்பதாக வைத்துக்கொண்டு, தேய்த்து, மூக்கில் சேர்த்து இழுத்துக் காட்டினேன். டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சிரிக்கவில்லை.

"எத்தனை வருஷமா இப்படிச் செய்றீங்க?"

"பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும்மா."

"சரி. ஒரு துண்டு சதை எடுத்துப் பாக்கணும்" என்றார்.

மரத்துப்போகிற ஊசி போட்டு, மூக்குக்குள்ளிருந்து மிளகளவுக்குச் சதை எடுத்தார்கள். அதில் பாதியை மெல்லியதாகச் சீவிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்களாம். மீதியை ஒரு வட்டக் கண்ணாடித் தட்டில், கஞ்சி உறைந்த மாதிரி இருக்கும் தீனியின்மேல் வைத்து மூடிவிடுவார்களாம். அதற்குள் ஏதாவது உயிர் இருந்தால் வளருமாம்.

நாலாம் நாள் பகல் பதினொரு மணிக்கு டாக்டரம்மா என்னைப் பரிசோதனைக் கூடத்துக்கு வரச் சொன்னார். சன்னலோரம் ஒரு மேசை. அதன்மேல் அந்தத் தட்டு. தீனியின்மேல் வெள்ளையாக, மாவு தூவிய மாதிரி ஒரு படலம் படர்ந்திருந்தது.

"இது பூசணம். ஊறுகாயில, ரொட்டியில வருமே, அந்தச் சாதிதான். ஆனா இது வேற வகை. மக்கின இலையிலயும் செத்த பூச்சியிலயும் மண்ணுல வாழுறது. நீங்க மோந்து பாக்கும்போது உள்ள போயிருக்கு. லட்சம் பேர் மோந்து பாத்தாலும் ஒருத்தருக்குத்தான் பிடிக்கும். ஏன்னு எங்களுக்குத் தெரியாது." பிறகு தட்டின் மூடியைக் காட்டினார். "இத நல்லாப் பாருங்க. நேத்து சாயந்தரம் சுத்தமான மூடி போட்டு வச்சேன்."

மூடியின் உட்பக்கம் புகை படிந்த மாதிரி மங்கலாக இருந்தது. எல்லாப் பக்கமும் இல்லை. சன்னல் இருந்த பக்கம் மட்டும்.

"அது விதைய எறியுது" என்றார். "தெறிக்கிற மாதிரி எறியும். வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாப் பாத்து எறியும்."

நான் குனிந்து பார்த்தேன். அது அசையவில்லை. ஆனாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ என்னைக் குறி பார்ப்பது மாதிரி இருந்தது.

"இது என் மூக்குலருந்து எடுத்ததாம்மா?"

"ஆமா."

"இப்ப உள்ளயும் எறிஞ்சிக்கிட்டு இருக்கா?"

அவர் மெல்லச் சிரித்து, "இல்லை. உடம்புக்குள்ள அது எறியாது. நூல் நூலாப் போகும், அவ்வளவுதான். உங்ககிட்டருந்து யாருக்கும் ஒட்டாது. பெண்டாட்டி பிள்ளைக்கும் ஒட்டாது" என்றார்.

அவர் சொன்னதை முழுக்க நம்பினேன். ஆனாலும் வார்டுக்குத் திரும்பியதும், சன்னலோரம் இருந்த என் கட்டிலில் உட்கார முடியவில்லை. வெயில் என் முகத்தில் விழுகிற பக்கமெல்லாம் உள்ளே ஏதோ திரும்பிப் பார்ப்பதாகத் தோன்றியது. நர்ஸிடம் கெஞ்சி, வெளிச்சம் குறைந்த மூலைக் கட்டிலுக்கு மாறிக்கொண்டேன். மூன்று நாள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தேன்.

அந்த மூலையில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஆறுச்சாமி. ஐம்பது வயது இருக்கும். பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் நிலக்கடலை போடுகிற விவசாயி. அவருடைய வலது பாதம் கட்டுப் போட்டு, தலையணை மாதிரி பெருத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்காரர்களை விட்டால், என் முகத்தைப் பார்த்து அருவருக்காத முதல் ஆள் அவர்தான்.

"ஏனுங்க, மண்ணுங்களா?" என்று கேட்டார்.

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேசிக்கிட்டாங்க. எனக்கும் மண்ணுதானுங்க. உங்களுக்கு மூஞ்சி, எனக்குக் காலு. ஏழு வருசத்துக்கு முன்னால காட்டுல ஒரு முள்ளு குத்துச்சுங்க. பிடுங்கிப் போட்டுட்டுப் போயிட்டேன். ரெண்டு வருசம் ஒண்ணுமில்லீங்க. அப்பறம் கட்டி கட்டியா வந்துச்சுங்க."

கட்டு மாற்றும்போது பார்த்தேன். பாதம் முழுக்கச் சிறு சிறு துளைகள். ஒவ்வொன்றிலும் நீர் கசிந்தது. அந்த நீரோடு கறுப்பாக, வெடிமருந்துப் பொடி மாதிரி சின்னச் சின்ன மணிகள் வந்தன. நர்ஸ் அவற்றைப் பஞ்சில் எடுத்து வைத்தார். அவை மண் அல்ல, பூசணம் தன்னைச் சுற்றித் திரட்டிக்கொண்ட உருண்டைகள் என்று டாக்டரம்மா பிள்ளைகளுக்கு விளக்கினார். அந்த வியாதிக்கு மதுரைப் பாதம் என்றே டாக்டர்கள் பெயர் வைத்திருக்கிறார்களாம்.

"கோயமுத்தூர்ல அந்தப் பேரச் சொன்னாங்களுங்க" என்றார் ஆறுச்சாமி. "பேர்லயே மதுரை இருந்தா மருந்தும் மதுரையிலதானே இருக்கோணும்னு கெளம்பி வந்துட்டேனுங்க."

மதுரையிலும் மருந்து இல்லை. அவருடைய வகைக்கு அந்தக் காலத்தில் எதுவும் சரியாகக் கேட்கவில்லை. எலும்புக்குள் போய்விட்டது என்று எக்ஸ்ரே காட்டியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஊரிலிருந்து அவர் சம்சாரம் வந்து, தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். சாயந்தரம் ஆபரேஷன் டாக்டர் வந்தபோது ஆறுச்சாமி சரி என்றார். ஒரே ஒரு கோரிக்கை வைத்தார்.

"எடுத்த காலப் பொதைக்க வேண்டாமுங்க. எரிச்சுப் போடுங்க."

"எப்படியும் எரிச்சிருவோம். ஏன் கேக்கறீங்க?"

"மறுக்கா மண்ணுக்குள்ள போகப்படாதுங்க. வேற யாராச்சும் அது மேல வெறுங்காலோட நடப்பாங்க."

டாக்டர் அதையும் சீட்டில் எழுதிக்கொண்டு போனார்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் அவர் என்னைக் கூப்பிட்டார். போர்வைக்குக் கீழே கால் இருந்த இடம் தட்டையாகக் கிடந்தது. "கட்டைவெரலுக்கு அடியில அரிக்குதுங்க" என்றார். "அந்தக் கறுப்பு மணி நகர்றது தெரியுதுங்க. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

இல்லாத காலை நான் குனிந்து பார்த்தேன். வேறு என்ன செய்வது? "ஒண்ணும் இல்லீங்க. சுத்தமா இருக்கு" என்றேன். அவர் தலையணையில் சாய்ந்துகொண்டார். அப்படி ஒரு வாரம், கேட்டபோதெல்லாம் பார்த்துச் சொன்னேன். கால் போன பிறகும் இப்படித் தெரிவது உண்டு, நரம்பு பழைய கணக்கிலேயே இருக்கும் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். கட்டைக்காலுக்கு அளவு கொடுத்துவிட்டு ஆறுச்சாமி ஊருக்குப் போனார். போகும்போது, "உங்க மூஞ்சி நல்லாயிருமுங்க. எனக்குத் தோணுது. ஒருக்கா நம்ம ஊட்டுக்கு வாங்க" என்றார்.

எனக்கு மருந்து இருந்தது. பொட்டாசியம் அயோடைடு என்று ஓர் உப்பு. தண்ணீரில் கரைகிற மட்டும் கரைத்த நீர். அதைப் பாலில் சொட்டுச் சொட்டாக விட்டு மூன்று வேளை குடிக்க வேண்டும். ஐந்து சொட்டில் ஆரம்பித்து, தினம் ஒரு சொட்டு கூட்டிக்கொண்டே போனார்கள். அது பூசணத்தை எப்படிக் கொல்கிறது என்று கேட்டேன். "அதுவும் எங்களுக்குச் சரியாத் தெரியாது. ஆனா கேக்கும்" என்றார் டாக்டரம்மா. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டாக்டரிடம் எனக்கு நம்பிக்கை வந்தது.

முப்பது சொட்டைத் தாண்டியதும் வாயெல்லாம் பழைய செப்புக்காசைச் சப்புகிற மாதிரி ஆயிற்று. எச்சில் ஓயாமல் ஊறியது. கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. காதுக்குக் கீழே புதிதாகக் கட்டி வந்தது. ஏற்கெனவே போன முகத்தில் பருக்கள் வேறு. பூசணம் என்னை வலிக்கவிடாமல் தின்றது, மருந்துதான் வதைத்தது. ஒரு காலையில் டம்ளரைத் தள்ளிவிட்டேன். பால் தரையில் ஓடியது. செல்லக்கனி துடைத்தாள். வெளியே போய் மறுபடியும் பால் வாங்கி வந்தாள். சொட்டுகளை எண்ணி விட்டு, தானே முதலில் ஒரு வாய் குடித்தாள்.

"நீ எதுக்குக் குடிக்க?"

"எப்படி இருக்குன்னு பாத்தேன்" என்றாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு. "சகிக்கல. இந்தாங்க, நீங்க குடிங்க."

குடித்தேன். மதுரையில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவி அவள் என்னோடு இருந்தாள். வள்ளி போடியில் மாமன் வீட்டில். இதற்கு மாடசாமி மச்சான் ஒரு தடவைகூட முகம் கோணவில்லை. வாசலில் நின்ற மனிதர்தான். ஆனால் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பஸ் ஏறி வந்து, பிள்ளை என்ன பேசினாள், என்ன சாப்பிட்டாள் என்று விவரமாகச் சொல்லிவிட்டுப் போவார்.

ஐந்தாவது வாரம் கல் இளகியது. காலையில் விரலால் அழுத்தினேன். முதல் முறையாகக் குழி விழுந்தது. குழி விழுந்து மெல்ல எழும்பியது. பக்கத்துக் கட்டில்காரரை எழுப்பிக் காட்டினேன். அதற்குப் பிறகு நாளுக்கு நாள் அது வடிந்தது. முதலில் கண்கள் வெளியே வந்தன. பிறகு கன்ன எலும்பு. ஒரு மத்தியானம் கட்டைவிரலில் மூக்குத் தண்டு தட்டியது. தொலைந்த சாமானைச் சட்டைப் பைக்குள்ளேயே கண்டெடுத்த மாதிரி இருந்தது.

டாக்டரம்மா வாராவாரம் என்னைப் போட்டோ எடுத்திருந்தார். அவற்றை வரிசையாகக் காட்டினார். முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை பார்த்தேன். ஒரு ஆள் மெல்ல மெல்லப் பின்வாங்க, அவனுக்குப் பின்னாலிருந்து இன்னொரு ஆள் வருகிற மாதிரி இருந்தது. வந்தவன் நான்தான். ஆனாலும் பழைய ஆள் அப்படியே இல்லை. மூக்கு நுனியில் இன்றும் ஒரு சிறு தடிப்பு உண்டு. வலதுபுறம் வாடை பாதிதான் தெரியும்.

செல்லக்கனி அன்று சாயந்தரம் வேலை முடிந்து வந்தாள். என் எதிரே உட்கார்ந்தாள். வெகு நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தேம்பித் தேம்பி அழுதாள். அந்த எட்டு மாதத்தில் நான் பார்க்க அவள் அழுதது அன்று ஒரு நாள்தான்.

வள்ளியை அழைத்து வரப் போடிக்குப் போனோம். மாமன் வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தவள், "அப்பா!" என்று ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். தூக்கிக்கொண்டேன். என் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடினாள்.

"அந்த மாமா எங்கப்பா?"

"எந்த மாமா?"

"நம்ம வீட்டுல இருந்தாங்கள்ல. மூஞ்சி வீங்கி."

செல்லக்கனி என்னைப் பார்த்தாள். "போயிட்டாரும்மா" என்றேன்.

"ஐயோ" என்றாள் பிள்ளை. "நான் டாட்டா காட்டவே இல்லயே."

எஸ்டேட்டில் திரும்ப நர்சரி வேலை தர வந்தார்கள். வேண்டாம் என்றேன். இப்போது தொழிற்சாலையில் இலை உலர்த்துகிற மாடியில் இருக்கிறேன். நர்சரிப் பிள்ளைகளிடம் மூக்கில் மண்ணை வைக்காதீர்கள், துணி கட்டிக்கொள்ளுங்கள், வெறுங்காலோடு போகாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் கேட்கிறார்கள்.

போன வருஷம் காந்தலூரிலிருந்து என் ஒன்றுவிட்ட தம்பி முருகையா கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தான். அங்கே பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறான். சாயா குடித்துக்கொண்டே, ஒரு மாதமாகச் சளி விடவில்லை என்று மூக்கை உறிஞ்சினான். டம்ளரைக் கீழே வைக்கச் சொல்லி, அவன் மூக்கின் ஓரத்தை அழுத்தினேன். பாசிப்பயறு அளவுக்கு ஒன்று கெட்டியாக இருந்தது. மிச்சச் சாயாவைக்கூட அவனைக் குடிக்க விடவில்லை. பத்திரிகைப் பையோடு அவனை இழுத்துக்கொண்டு மதுரைக்கு மத்தியான பஸ்ஸைப் பிடித்தேன்.

டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். முருகையாவின் சதையை எடுத்துத் தட்டில் வைத்தார். அதே பூசணம்தான். ஆனால் இன்னும் மூக்கைத் தாண்டவில்லை. ஊரில் இருந்தே மருந்து குடிக்கலாம், கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்றார். ஏழெட்டு வாரத்தில் அந்தப் பயறு கரைந்தது. அவன் முகம் ஒரு நாளும் மாறவில்லை. கல்யாணப் படத்தில் நன்றாகவே இருக்கிறான்.

டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டுத் திரும்பும் வழியில், தேனி பஸ் ஸ்டாண்டில் நின்றபோது அவனுக்கு என்மேல் கோபம்.

"ஏண்ணே, இத்தனூண்டு வீக்கத்துக்கா அஞ்சாறு நாளக் கெடுத்து என்னைய இம்புட்டுத் தூரம் இழுத்துட்டு வந்தீரு? இன்னும் நாப்பது வீட்டுக்குப் பத்திரிகை வைக்கணும்."

"ஆமாடா. தெரியாம இழுத்துட்டு வந்துட்டேன்" என்றேன்.

அவன் போடி பஸ் வரும்வரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தான்.